உணர்வையும் ஆராய்ந்து தீர்க்க முயலும் மனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதிப்பவருக்கும், மண்ணடியில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பவருக்கும், திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி மென்பொருள் வேலைக்குச் செல்பவருக்கும் பிழையைத் தேடுவதே தொழில். எங்கே தவறு நேரலாம் என்று முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது என்பதால், "அதிகம் யோசிக்காதீர்கள்" என்ற அறிவுரையால் அவர்களுக்குப் பயனில்லை. ஆவணத்துக்குப் பொருந்தும் அதே முறையைத் துக்கத்தின்மீதும் அச்சத்தின்மீதும் செலுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தவறுகளில் மிகப் பெரியது, மனம் அசைபோடுவதைச் சிந்தனை என்று நம்புவது. மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்ன ஒரு சொல்லை இரவு முழுவதும் புரட்டிப் பார்ப்பவருக்கு, தாம் ஏதோ ஒன்றைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். 1989இல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தை நிலநடுக்கம் தாக்கியபோது, அதற்குச் சில நாட்கள் முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா அங்குள்ள மாணவர்களின் மனநிலையைப் பதிவுசெய்திருந்தார். துயரம் வந்தால் அதையே திரும்பத் திரும்ப நினைக்கும் பழக்கம் முன்பே உடையவர்களிடம், நிலநடுக்கத்துக்குப் பிறகு மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டதை 1991இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது.

இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படியொரு இழப்புக்குப் பிறகு, "ஏன் தரைத்தளத்தில் குடிவந்தோம், ஏன் பீரோவை மேலே ஏற்றவில்லை, ஏன் நமக்கே இப்படி நடக்கிறது" என்று அடுக்கிக்கொண்டே போகும் கேள்விகளுக்கு எந்த விடை கிடைத்தாலும் மனம் அடங்காது. நனைந்துபோன பத்திரங்களுக்கு நகல் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற கேள்வியோ ஒரு செயலில் போய் முடியும். அரை மணி நேரம் யோசித்த பிறகு, நாளைக் காலையில் செய்யக்கூடிய ஒரு வேலையாவது கைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். வரவில்லையென்றால் அது அசைபோடுதல்; எழுந்து முகம் கழுவிவிட்டு, கைக்கு வேலை தரும் எதையாவது செய்வதே அப்போது நல்லது.

இதை உணர்ந்தவர்கள் உடனே அடுத்த தவறைச் செய்கிறார்கள்: எண்ணத்தை வலிந்து விரட்டுகிறார்கள். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் நடத்திய சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் நினைவில் அதே கரடி மீண்டும் மீண்டும் வந்தது. தடையை நீக்கிய பிறகு இன்னும் அதிகமாக வந்தது. விரட்டுவதைவிட நேரம் ஒதுக்குவது மேல். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் எழும் கவலைகளை அதுவரை தள்ளிப்போடும் முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இலேயே விவரித்திருக்கிறார்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒற்றை அறை வீட்டில் வசிப்பவர்களுக்குத் தனி இடம் கிடைப்பது எளிதல்ல என்பதை நான் அறிவேன். மொட்டை மாடியோ தெருமுனைக் கோயில் படிக்கட்டோ போதும், படுக்கை மட்டும் வேண்டாம்.

உணர்வை உணராமலேயே விளக்கிவிடுவது மூன்றாவது தவறு. "இதற்குப் போய் நான் வருந்துவது நியாயமா?" என்று தன்னையே விசாரிப்பவர், வருத்தம் இருக்கிறது என்ற எளிய உண்மையைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார். உணர்வுக்குப் பெயரிடும்போது மூளையில் அச்சம் போன்ற உணர்வுகளில் பங்குகொள்ளும் அமிக்டலா என்னும் பகுதியின் கொந்தளிப்பு குறைவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் படம்பிடித்துக் காட்டினார்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த வேளைக்குப் போதும், காரணம் பிறகு வரட்டும். நம்மவர்கள், குறிப்பாக ஆண்கள், பயத்தை "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்று உடலின் மொழியில்தான் முதலில் சொல்கிறார்கள். அதையும் மதிக்க வேண்டும். ஆனால் நெஞ்சு வலியை மனக்கலக்கம் என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல், முதலில் இதயத்தைச் சோதித்துவிட வேண்டும்.

உணர்ச்சி குறைந்தால் அறிவு கூர்மையாகும் என்ற நம்பிக்கையும் பிழையே. மூளையின் முன்பகுதியில் பாதிப்பு ஏற்பட்டு உணர்ச்சி மங்கிப்போன நோயாளி ஒருவர், அறிவுச் சோதனைகளில் நன்றாகத் தேறியும் அன்றாட முடிவுகளை எடுக்க முடியாமல் திணறியதை நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ பதிவுசெய்திருக்கிறார்.

என்னை மிகவும் வருத்துவது, இந்த ஆராய்ச்சியைப் பிறர்மீது திருப்புவது. தாயை இழந்து சில மாதங்களே ஆன மனைவி, "இன்னைக்கு முழுக்க அம்மா நெனப்பாவே இருக்குங்க" என்கிறார். கணவர், "அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு, சுகர் வேற, இவ்வளவு நாள் இருந்ததே பெரிசும்மா" என்கிறார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆயினும் மனைவி மரணத்தின் காரணத்தைக் கேட்கவில்லை. தன் துக்கத்தின் அருகில் ஒருவர் உட்கார வேண்டும் என்றுதான் விரும்பினார். "என்ன ஞாபகம் வந்துச்சு, சொல்லு" என்று கேட்டிருந்தால் அவர் பேசியிருப்பார். கணவர் சொன்ன அந்தப் பதிலுக்குப் பிறகு மனைவி அவரிடம் அம்மாவைப் பற்றி மறுபடி பேசத் தயங்குவார்.

எல்லாவற்றையும் தாமே யோசித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று காலம் கடத்துவதும் நேர்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமோ பசியோ வேலையில் பிடிப்போ குலைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அதிகம் ஆராய்பவர்கள் நோயின் பெயரையும் தாமே முடிவுசெய்து, அதற்கான வாதங்களோடு மருத்துவர் முன் அமர்வார்கள். அதைவிட, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எப்போதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, எந்த நேரத்தில் அழுகை வருகிறது என்பதைச் சொல்வது சிகிச்சையை விரைவாகத் தொடங்க உதவும்.