குழந்தைகளோடு பரிசு டேக் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

பண்டிகைப் பரிசுகளுக்கு டேக்கை வாங்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்வது நல்ல யோசனைதான். ஆனால் செய்ததில் பாதி டேக்குகள் பரிசின் மேல் ஏறுவதே இல்லை. பிள்ளைகளின் கைத்திறனைக் குறை சொல்ல வேண்டாம். வேலையை நாம் தலைகீழாகத் தொடங்குகிறோம், அதுதான் சிக்கல்.

முதலில் அலங்காரத்தில் இறங்கிவிடுகிறோம். நட்சத்திரம், ஜிகினா, ஸ்டிக்கர் என்று அட்டை நிரம்பிய பிறகுதான் பெயர் எழுத இடம் தேடுகிறோம். அப்புறம் கயிறு கோக்க ஓட்டை போடப் போனால், குழந்தை ஆசையாக வரைந்த முயலின் காது சரியாக அந்த இடத்தில் இருக்கும். காது போய்விடும், அழுகை வந்துவிடும். அதனால் அட்டையை வெட்டியதும் ஓட்டையைப் போட்டுவிடுங்கள். அடுத்தது பெயர். மிச்சமிருக்கும் இடம் முழுக்கக் குழந்தைக்கு. யாருக்கு, யாரிடமிருந்து என்று சொல்லத்தானே டேக்கே?

ஓட்டை விளிம்பை ஒட்டி இருந்தால் ரிப்பனை இழுத்துக் கட்டும்போதே கிழிந்துவிடும். 1 செ.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். அந்த இடத்தின் பின்பக்கம் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிட்டு, அதன் மேலேயே ஓட்டை போட்டால் இன்னும் உறுதி.

காகிதத் தேர்விலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரின்டரில் போடும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் பசை பட்டதும் சுருண்டுகொள்ளும். 300 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் குழந்தைகளின் கத்தரிக்கோலுக்கு மசியாது. 200 முதல் 250 வரை வசதி. பளபளப்பான அட்டை பார்க்க அழகு, ஆனால் ஸ்கெட்ச் பேனா மை அதில் ஊறாது, கை பட்டதும் இழுபடும். பழைய வாழ்த்து அட்டைகளை வெட்டிப் பயன்படுத்துகிறவர்கள் பெயரைப் பின்பக்கம் எழுதலாம்.

இடது கைப் பழக்கமுள்ள குழந்தை கோணல்மாணலாக வெட்டினால் திட்டாதீர்கள். வலது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், மேல் பிளேடு வெட்ட வேண்டிய கோட்டையே மறைத்துவிடும். இடது கைக்கென்றே தனிக் கத்தரிக்கோல் இருக்கிறது.

பசை பாட்டிலை அப்படியே கையில் கொடுப்பது அடுத்த வம்பு. பிதுக்குவதில் இருக்கும் சுகம் ஒட்டுவதில் கிடையாது, அதனால் குளமே கட்டிவிடுவார்கள். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, பிரஷோடு கொடுத்தால் போதும். காகிதத்தோடு காகிதம் ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால் குச்சிப் பசையே நல்லது. ஜிகினா தூவுவதாக இருந்தால் டேக்கை ஒரு தட்டில் வைத்துத் தூவச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த பண்டிகை வரைக்கும் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உருளைக்கிழங்கை வெட்டி அச்சு செய்கிறவர்கள் வெட்டிய பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுப்பதில்லை. அதிலிருந்து ஊறும் நீர் பெயின்டைக் கரைத்து, நட்சத்திரத்தைக் கறையாக்கிவிடும். எழுத்தைச் செதுக்கினால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும். இது தெரியாமல் செய்துவிட்டு, வந்து விழும் விசித்திரமான ‘அ’வைப் பார்த்துக் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தால் அதுவும் ஒரு கணக்குதான்.

மணி, பொத்தான், உருளும் கண்கள் ஒட்டும்போது செய்கிற பிள்ளையின் வயதை மட்டும் பார்க்கிறோம். பரிசு போகும் வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கிறதா? இருந்தால் அவை வேண்டவே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். கயிற்றையும் குட்டையாக விடுங்கள்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது, குழந்தை எழுதியதன் மேல் பெரியவர்கள் திருத்தி எழுதுவது. நாலைந்து வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம். படிக்க முடியாதோ என்று தோன்றினால் பின்பக்கம் பென்சிலால் சின்னதாகப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் அதன் சொத்து.

கொடுக்க வேண்டிய பரிசு 20 என்றால் 20 டேக்கையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். சின்னக் குழந்தைக்கு நாலைந்திலேயே அலுத்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவசரக் கிறுக்கல். வெட்டுவதையும் ஓட்டை போடுவதையும் முந்தின நாளே நீங்கள் முடித்து வையுங்கள். பாட்டிக்கும் நெருங்கிய நண்பனுக்கும் குழந்தை செய்யட்டும், மற்றவர்களுக்கு வெறும் பெயர் எழுதிய அட்டையே போதும்.