சொந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா? நகையை அடகு வைக்குமுன் செய்து பார்க்கவேண்டியவை

என்ன தொழில் செய்வது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்களுக்காக இதனை எழுதுகிறேன். அந்தத் தொழிலை நடத்தும் வாழ்க்கையை உங்களால் தாங்க முடியுமா என்பதைப் பெருமுதல் போடாமலே அறியும் முறை இது. வீட்டில் மிளகாய்த்தூள் செய்து விற்கத் தொடங்கியபோது நான் பின்பற்றியதையே படிப்படியாகத் தருகிறேன்.

முதலாவது படி, வீட்டுச் செலவை மூன்று மாதங்களுக்கு எழுதுவது. கைப்பேசிச் செயலிகள் பல இருப்பினும், வீட்டார் அனைவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய சீஆர் கொப்பியையே நான் விரும்புகிறேன். வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பும் பணத்தை வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள். அது நின்றுபோகும் மாதத்தில்தான் உங்கள் தொழிலின் உண்மையான பலம் தெரியும்.

இரண்டாவது படி, இப்போதுள்ள வேலையை விடாமல் சிறிய அளவில் செய்து பார்ப்பது. பிரதேச செயலகத்தில் தொழிற்பெயரைப் பதிந்து, உங்கள் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ உரிமம் பற்றி விசாரித்து, உணவுப் பொருளாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சந்தித்துவிடுங்கள். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோவில் திருவிழாவின் 25 நாட்களில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பொதி பொதியாக வாங்கிச் செல்லும்போது, எந்த வியாபாரமும் நல்ல வியாபாரமாகவே தோன்றும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் மிளகாய் காயாமல் கிடக்கும் வாரங்களையும் பரீட்சைக் காலத்துக்குள் அடக்குங்கள்.

மூன்றாவது படி, கடைகளுக்குக் கொடுத்த பொருளின் பணத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. இதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்கும் அதிக காலம் எடுத்தது இதுவே. கடைக்காரர்கள் பொதுவாகப் பொருளை வாங்கி வைத்து, விற்ற பிறகே காசு தருவார்கள். உங்கள் கையில் 50,000 ரூபா இருந்து, அதில் 40,000 ரூபாவுக்குரிய தூள் கடைத் தட்டுகளில் இருக்கிறது எனக் கொள்வோம். கொப்பியில் இலாபம் தெரிந்தாலும் அடுத்த மூட்டை மிளகாய் வாங்க வழியில்லை. அந்தப் பணத்தைக் கேட்கப் போனால், கடைக்காரர் ஒன்றுவிட்ட சித்தப்பாவாகவோ ஒரே கோவிலுக்கு வருபவராகவோ இருப்பார். "அடுத்த கிழமை பாப்பம், தம்பி" என்பார். முகத்தை முறிக்காமலும் வெறுங்கையோடு திரும்பாமலும் அந்த இடத்தில் நிற்க உங்களால் முடியுமா என்பதே இந்தப் பரீட்சையின் முக்கிய கேள்வி. பொருளைக் கொடுக்கும்போதே அளவையும் திகதியையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில் செல்லுங்கள். பழைய கணக்குத் தீராமல் புதிய பொதியைக் கொடுக்காதீர்கள். சில மாதங்கள் இப்படிச் செய்தும் கேட்பதற்கு முதல்நாள் இரவு நித்திரை வரவில்லையென்றால், கைக்குக் கை காசு வாங்கும் தொழிலுக்கு மாறுவதோ, மாதச் சம்பளத்தில் தொடர்வதோ குறையான முடிவு அல்ல. அரசாங்க உத்தியோகத்தை விரும்புபவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுப் போகாதவர்களே.

நான்காவது படி, உங்கள் உழைப்புக்குக் கூலி போடுவது. வறுத்த நேரம், பொதிசெய்த நேரம், கடை கடையாக ஓடிய நேரம் எல்லாவற்றையும் கூட்டி, வேறொருவரைப் பிடித்திருந்தால் கொடுக்கவேண்டிய கூலியைச் செலவாக எழுதுங்கள். அதன் பிறகும் மிஞ்சுவதே இலாபம். மிஞ்சாவிட்டால், நீங்கள் நடத்துவது தொழில் அல்ல, சம்பளம் குறைந்த இன்னொரு வேலை.

பிற்சேர்க்கை: ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டுமா என்று வாசித்தவர்கள் கேட்டிருந்தார்கள். கட்டவேண்டும். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம் உங்கள் கையிலிருந்து. 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்களுக்கு 46,000 ரூபா செலவாகும். நான்காவது படிக்குரிய கணக்கில் எழுதவேண்டியது இந்தத் தொகையையே.