உப்புவெளிக் கடற்கரையை லெஜேயின் முறையில் தீட்டுவது எப்படி

திருகோணமலையின் உப்புவெளிக் கடலைத் தீட்ட முனைவோரில் பலர் சூரியோதயத்தோடும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையோடும் நின்றுவிடுகின்றனர். அதே கரைக்கு விடுமுறையில் வந்த குடும்பமும், தென்னையில் சாய்த்துவைத்த துவிச்சக்கரவண்டியும், மணலில் ஏற்றிவிட்ட படகின் பின்னால் பூட்டிய எஞ்சினும் ஒரு பெரிய ஓவியத்துக்குப் போதுமான பொருள் என்பதைப் பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் (1881–1955) படங்களிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

தூரிகையை எடுக்குமுன், பாரிஸின் பொம்பிடூ மையத்தின் சேகரிப்பிலுள்ள அவருடைய ‘ஓய்வு: லூயி டாவிட்டுக்கு அஞ்சலி’ (1948–49) என்ற படத்தின் நல்ல பிரதியொன்றை நிதானமாகப் பாருங்கள். உல்லாசமாக வெளியே வந்தவர்கள், புகைப்படக்காரருக்கு முன்னால் நிற்பவர்களைப் போலத் தம் துவிச்சக்கரவண்டிகளோடு நேராக நம்மை நோக்கியிருக்கின்றனர். முன்னால் இருக்கும் பெண்ணின் கையிலுள்ள தாளில் அஞ்சலி வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. அஞ்சலிக்குரிய பழைய பிரெஞ்சு ஓவியர் லூயி டாவிட் 1793இல் தீட்டிய ‘மாராவின் மரணம்’ படத்தில், கொலையுண்ட பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாராவின் கையில் ஒரு கடிதம் இருப்பதை இது நினைவூட்டும். பிரான்சில் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை 1936இல்தான் சட்டமானது என்பதையும் சேர்த்து எண்ணினால், சாதாரண மனிதரின் ஓய்வுக்கு வரலாற்று ஓவியத்துக்குரிய கம்பீரத்தை லெஜே ஏன் கொடுத்தார் என்பது விளங்கும். ஆகவே உங்கள் படத்தில் எவரும் ஓடவோ துள்ளவோ வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

முதலாம் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது, வெயிலில் மின்னிய பீரங்கி உலோகம் தம்மை ஆட்கொண்டதாக லெஜே கூறியிருக்கிறார். அதன் பின்னர் அவர் தீட்டிய மனிதக் கைகால்கள், 1921–22இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ படத்திற் காண்பதுபோல, கடைந்தெடுத்த உலோகக் குழாய்களின் திண்மையைப் பெற்றன. இயந்திரத்தை மனிதனுக்கு எதிரியாக நிறுத்தாமல், முழங்கைக்கும் வண்டியின் கைபிடிக்கும் ஒரே அளவு கவனத்தைக் கொடுப்பதுதான் இம்முறையின் உயிர்நாடி; இதை விட்டுவிட்டுக் கறுப்பு எல்லைக்கோடுகளையும் கடும் நிறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் விளம்பரப் பலகைதான் மிஞ்சும்.

‘ஓய்வு’ மூலப்படம் 154 சென்ரிமீற்றர் உயரமும் 185 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. 50 சென்ரிமீற்றருக்கு 60 சென்ரிமீற்றர் அளவில் ஹார்ட்போர்ட் (அழுத்திய மரநார்ப் பலகை) வெட்டினால் ஏறக்குறைய அதே விகிதம் கிடைக்கும். கடற்காற்றின் ஈரத்தில் பலகை வளையாதிருக்க, அதன் இரு பக்கங்களிலும் வெள்ளை அடிப்பூச்சுப் பூசி, முன்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உருவங்களை முதலில் அதே அளவுத் தாளில், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நெருக்கி வரையுங்கள். தூரத்துப் பொருள்களை மங்கலாக்காமல் எல்லாவற்றையும் படத்தின் முகப்புக்கே கொண்டுவர வேண்டும். லெஜேயின் நீச்சலுடைகளை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. எங்கள் பெண்கள் பெரும்பாலும் முழு உடையோடுதான் கடலில் இறங்குகின்றனர். நனைந்த துணியின் மடிப்புகள் குழாய் குழாயாகத் திரள்வது இம்முறைக்கு நீச்சலுடையைவிடவும் பொருத்தமானது. பின்னணிக்குத் திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிய சீனக்குடாவின் பழைய எண்ணெய்க் குதங்களைவிட நல்ல உருளைகள் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் துறைமுகத்தைச் சூழப் பாதுகாப்புப் பகுதிகள் இருப்பதால், அங்கே கமராவைத் தூக்காமல், பொதுவழியிலிருந்து தெரிவதை மனத்தில் பதித்துவந்து வரைவதே நல்லது.

நிறங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்தும் பச்சை கொஞ்சமும் போதும். அக்ரிலிக் வர்ணம் எங்கள் வெயிலில் மிக விரைவாகக் காய்ந்துவிடுமாதலால், சிறிது சிறிதாகப் பிதுக்கி, ஈரத்துணி விரித்த தட்டில் வைத்துப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பரப்பையும் தூரிகைத் தடம் தெரியாதபடி இரண்டு மூன்று முறை பூச வேண்டும். மஞ்சளின் கீழே வெள்ளையைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. கீழேயுள்ள நிறத்தை அது மறைக்காது. நிழல், கைகால்களுக்கும் குழாய்களுக்கும் மட்டுமே: இரு விளிம்புகளிலும் கருமையாகத் தொடங்கி நடுவில் வெளிச்சமாக்குங்கள். எங்கள் தோல்நிறத்துக்குக் கறுப்பைக் கலந்தால் அழுக்காகத் தெரியும் என்பதால், அடர்ந்த மண்ணிறத்தையே நிழலாகக் கொள்ளுங்கள்.

இதைவிடத் துணிச்சலான வழியொன்றும் உண்டு. 1940 முதல் 1945 வரை அமெரிக்காவில் வாழ்ந்த லெஜே, நியூயோர்க்கின் பிரோட்வே வீதியில் விளம்பர வெளிச்சம் பட்டு எதிரே நிற்பவரின் முகம் நீலமாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டிருந்ததைக் கண்டு, நிறத்தைக் கோட்டிலிருந்து விடுவித்தார். நியூயோர்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்திலுள்ள ‘பெரும் அணிவகுப்பு’ (1954) படத்தில் அகன்ற நிறப்பட்டைகள் உருவங்களின் எல்லையை மதிக்காமல் குறுக்கே செல்கின்றன. இதை முயல விரும்புவோர், கோட்டுச் சித்திரத்தை ஊடுபுலப்படும் வரைதாளில் பிரதிசெய்து, அதன் கீழே வெட்டிய வர்ணத்தாள்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், ஒரு துளி வர்ணமும் வீணாகாமல் சரியான இடம் அகப்படும். ஒரே படத்தில் இரண்டு வழிகளையும் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கறுப்புக் கோடு கடைசியில் வர வேண்டும். இந்த அளவுப் படத்துக்கு நான்கைந்து மில்லிமீற்றர் தடிப்புப் போதும்; முகத்துக்கு மெலிதாகவும் சில்லுக்குத் தடிப்பாகவும் மாற்றாதீர்கள். சில்லின் கம்பிகளை மட்டும் மெல்லியனவாக, எண்ணிக்கையைக் குறைத்து வரையலாம். முன்னிருப்பவரின் கையிலுள்ள தாளை வெறுமையாக விட்டுவைத்து, யாருக்கு அஞ்சலி என்பதை முடிவுசெய்த பின்னரே எழுதுங்கள். படகுகளின் பக்கவாட்டில் பெயரெழுதும் எங்களூர்க் கைகளுக்கு அதை உரித்தாக்குவதை நான் விரும்புவேன். அப்படியானால் எழுத்துகளும் அவர்கள் எழுதும் பாணியிலேயே அமையட்டும்.