குடிபோகும் ஊரை மோசமான பருவத்தில் பாருங்கள்

சிற்றூர் ஒன்றுக்குக் குடிபோக நினைத்தால், ஆண்டின் மிக மோசமான பருவத்தில், வார நாட்களாகப் பார்த்து, மூன்று நாள் அங்கே தங்கிவிட்டு முடிவெடுங்கள். நல்ல பருவத்தில், விடுமுறை நாளில் பார்த்தால் குறைகள் கண்ணில் படாது.

கோடைக் கடைசியில் போனால், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது தெரிந்துவிடும். மழைக்காலம் என்றால் எந்தச் சாலை துண்டிக்கப்படுகிறது என்று கேளுங்கள். சுவர்களில் வெள்ளம் நின்ற கறை எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். இணைய வேகத்தை இரவு 8 முதல் 10 மணிக்குள், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு சோதியுங்கள். அது நெரிசல் நேரம்; தடித்த சுவரும் தகரக் கூரையும் சிக்னலைக் குறைக்கும் என்பதால் வாசலில் நின்று பார்ப்பது ஏமாற்றிவிடும். இருட்டிய பிறகு, 24 மணி நேர அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை வரை வண்டியில் போய்ப் பாருங்கள். விளக்கில்லாத வளைவும் மூடிய ரயில்வே கேட்டும் வரைபடம் சொல்லும் நேரத்தைக் கூட்டிவிடும். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் இதை மட்டும் விட்டுவிடவே வேண்டாம்.

வறட்சி, வெள்ளம் இரண்டும் வரும் ஊருக்கு ஒருமுறை போனால் போதாது. வேலை மாற்றத்தால் உடனே கிளம்ப வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் வீடு வாங்காமல், முதல் ஓராண்டு வாடகைக்கு இருக்கலாம்.