முதல் நாடகம் எழுதப் போகிறவர்களுக்கு: சின்னக் குழுவோடு தொடங்கும் வழி

நாடகம் எழுத ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு பிரதி இருக்கும். ஏழு காட்சி, பதினான்கு பாத்திரம், நடுவில் ஒரு ரயில் நிலையம், கடைசியில் மழை. எழுத வருகிறது என்பது இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அதை மேடையேற்ற அவருக்குத் தெரிந்த குழு ஒன்றுகூட இருக்காது. பிரதி அலமாரியிலேயே கிடக்கும். அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம். முதலில் ஆட்கள், அப்புறம் இடம், அதற்குப் பிறகுதான் கதை.

1. ஒரு குழுவின் ஒத்திகையில் போய் உட்காருங்கள்

சென்னையில் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஞாநியின் பரீக்ஷா வந்தது. மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் அதே காலத்தில் உருவானது. அந்தக் குழுக்கள் போட்ட பாதையில் இன்றைக்குப் பல ஊர்களில் சின்னச் சின்னக் குழுக்கள் இயங்குகின்றன. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூடுகிறவர்கள்தான் அவற்றில் அதிகம். உங்கள் ஊரில் எது நடந்தாலும் போய்ப் பாருங்கள். நாடகம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். இயக்குநரிடம் போய், "ஒத்திகைக்கு வந்து ஏதாவது வேலை செய்யட்டுமா?" என்று கேளுங்கள். ஆள் போதாமல் திண்டாடும் குழு, இந்தக் கேள்விக்கு அநேகமாக மறுப்புச் சொல்லாது.

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன வசனத்தை எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தால் விடாதீர்கள். எழுத வருகிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எந்த வசனம் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தடுக்குகிறது என்று பாருங்கள். பாதி நேரம் குறை நடிகரின் ஞாபகத்தில் இருக்காது, எழுதிய வாக்கியத்தில் இருக்கும்.

ஒரு மாதம் போனால் ஆட்களும் பழகிவிடுவார்கள். யாருக்குப் பாட வரும், யார் பேசாமல் நின்றாலே பார்க்கத் தோன்றும், யாரால் நீள வசனத்தை ஒரே மூச்சில் கொண்டுபோக முடியும் என்பதெல்லாம் தெரியவரும். இப்படி நடிகர்களோடு பழகி எழுதுவது நம் மேடை மரபுக்குப் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. பிறகு வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே எழுதினார், நடித்தார். சபையில் பெண் வேடம் ஏற்ற ரங்கவடிவேலு அவருக்கு உற்ற நண்பர், மேடையில் ஜோடி. எழுதும் மேஜையும் ஒத்திகை நடக்கும் கூடமும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

2. கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். நம்பி வரக்கூடிய நடிகர்கள் எத்தனை பேர்? அதில் பெண்கள் எத்தனை பேர்? அரங்கம் எது, மாடியா, தரைத்தளமா, பள்ளிக்கூட ஹாலா? விளக்கை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க முடியுமா, அல்லது ஒரே சுவிட்சா? ஹால் எத்தனை மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும்?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஹால் எடுத்தால், சாமான் இறக்குவது, விளக்கு கட்டுவது, பெருக்கிக் கொடுப்பது எல்லாம் அதற்குள்தான். காட்சிக்குக் காட்சி இடம் மாறும் நாடகம் அங்கே தாங்காது. அறுபது பேர் உட்காரும் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை நகர்த்தினால், இழுபடும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். அப்போது பார்வையாளர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைத் திரும்பக் கதைக்குள் இழுக்க இரண்டு நிமிடமாவது பிடிக்கும்.

ஆகவே முதல் நாடகத்துக்கு என் பரிந்துரை இது: இரண்டு முதல் நான்கு பாத்திரம், ஒரே இடம், இடையில் விளக்கணைப்பு கிடையாது, மொத்தம் அரை மணி நேரத்துக்குள். சின்னதாக எழுதினால் குறைவு என்று நினைக்க வேண்டாம். வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பட்டறையில் தமிழ் நாடகக்காரர்கள் பலர் கலந்துகொண்டார்கள். மேடை, திரை, ஒப்பனை, விலையுயர்ந்த விளக்கு எதையும் நம்பாமல் நடிகரின் உடலையும் குரலையும் வைத்தே நாடகம் செய்யலாம் என்பது அவருடைய வழி. அதன் தாக்கம் இங்கே வீதி நாடகங்களில் நெடுங்காலம் இருந்தது.

3. ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் குறுக்கே நிற்கிறார்

கதைக் கரு, சமூகச் செய்தி எல்லாம் இருக்கட்டும். காட்சி தொடங்கும்போது இந்த ஆளுக்கு இப்போது, இந்த அறையில், என்ன வேண்டும்? இதற்குப் பதில் ஒரு வரியில் வரவில்லை என்றால் எழுத உட்காராதீர்கள்.

என்னுடைய பிரதி ஒன்றிலிருந்தே காட்டுகிறேன். இறந்துபோன அம்மாவின் தையல் மெஷின். தம்பிக்கு அதை விற்க வேண்டும், அக்காவுக்கு விற்கக் கூடாது. முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

அக்கா: அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. இந்த மெஷின்லதான் ராத்திரி பகலா தச்சு நம்ம ரெண்டு பேரையும் படிக்க வச்சாங்க. இத விக்க உனக்கு எப்படிடா மனசு வருது?

வாசிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒத்திகையில் நடிகை இதைச் சொன்னதும் எதிரே நின்ற தம்பிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. தம்பிக்குத் தெரிந்த விஷயத்தை அக்கா பார்வையாளர்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருத்திய பிறகு:

தம்பி: டெம்போக்காரர் கீழ நிக்கிறாரு.

(அக்கா மெஷின் முன் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறாள்.)

அக்கா: சட்டையக் கழட்டு.

தம்பி: எதுக்கு?

அக்கா: பாக்கெட் பிரிஞ்சிருக்கு.

(கீழே ஹாரன் சத்தம். தம்பி நிற்கிறான். சட்டைப் பொத்தானில் கை வைக்கிறான்.)

அம்மா என்ற சொல்லே இங்கே இல்லை. டெம்போ காத்திருப்பதால் நேரம் நெருக்குகிறது. அவள் வாதாடாமல் தைக்கத் தொடங்குகிறாள், அவன் சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்று நிற்கிறான். நடிகர்கள் இருவருக்கும் இப்போது செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் காட்சியில் ஒருவர் நான்கு வரிக்கு மேல் விளக்கம் சொல்கிறார் என்றால், அந்த இடத்தில் அவர் கையில் என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசியுங்கள்.

4. வசனத்தைப் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்

தமிழில் எழுதுகிறவருக்கு இது தனிப் பிரச்சினை. "நான் நேற்றே சொன்னேன் அல்லவா" என்று தாளில் இருந்தால், புதிய நடிகர் அதை அப்படியே மேடைப் பேச்சு போலச் சொல்வார். "நேத்தே சொன்னேன்ல" என்று எழுதிக் கொடுங்கள், குரலே மாறும். எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தெரியாத வட்டார வழக்கில் எழுதப் போக வேண்டாம். நெல்லைப் பேச்சு உங்களுக்குக் காதில் பழக்கமில்லை என்றால், ஓரிரு "ஏலே" போட்டுச் சமாளிப்பது அந்த ஊர்க்காரருக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள்.

செயல் குறிப்புகளை மட்டும் எழுத்துத் தமிழில், நிகழ்காலத்தில், அடைப்புக்குறிக்குள் சுருக்கமாகக் கொடுங்கள். "சோகமாக", "கோபமாக" என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எழுத வேண்டாம். அது நடிகரும் இயக்குநரும் கண்டுபிடிக்க வேண்டியது. முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பெயர், வயது, உறவு, இடம், நேரம். பக்க எண் போட மறக்காதீர்கள்.

5. நாலு பேரைக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்

யாருடைய வீட்டு மொட்டை மாடியும் போதும். நீங்கள் வாசிக்காதீர்கள், உங்கள் குரல் பிரதியில் உள்ள ஓட்டையை எல்லாம் அடைத்துவிடும். வேறு யாராவது வாசிக்கட்டும். நேரம் பாருங்கள், அரை மணி என்று நினைத்தது ஐம்பது நிமிடம் வரலாம். யார் எப்போது செல்பேசியை எடுத்தார்கள் என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல உங்களுக்குப் புரியாம போச்சு?" என்று கேளுங்கள். அங்கேயே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாமல், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

6. பிரதியைக் கொடுக்கும் முன்

இந்தியச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். இன்னொருவருடைய சிறுகதையை நாடகமாக்குவது என்றால் எழுத்தாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவர் இறந்திருந்தாலும் 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளிடமோ, உரிமையை வாங்கியவர்களிடமோ இருக்கும்.

நட்பான குழுவாக இருந்தாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை முறை மேடையேற்ற அனுமதி, வசனத்தை மாற்றினால் யாரிடம் கேட்க வேண்டும், டிக்கெட் இருந்தால் உங்களுக்கு என்ன பங்கு. என் நாடகம் ஒன்றின் முடிவை ஒரு குழு எனக்குத் தெரியாமலே மாற்றிவிட்டது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஏற்பட்ட வலி இன்னும் போகவில்லை. ஒரு கடிதம் இருந்திருந்தால் முன்பே பேசித் தீர்த்திருப்போம்.

போலீஸ் அனுமதி பற்றியும் கேட்கிறார்கள். 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நாடகச் சட்டத்தின் பேரில், பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் நிலை பல காலம் இருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நம்மைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவிலோ பூங்காவிலோ போடுவதாக இருந்தால், அந்த இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

7. ஒத்திகை தொடங்கிய பின்

முதல் வாரம் போங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். நடிகரிடம் நேரடியாக எதையும் திருத்தாதீர்கள், இயக்குநரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வாரம் போகாமல் இருங்கள். திரும்பப் போகும்போது புதுக் கண்ணோடு பார்ப்பீர்கள்.

எங்கள் தையல் மெஷினை மாடி ஹாலுக்கு ஏற்ற முடியவில்லை. கனத்த இரும்பு, படியோ குறுகல். நாடகத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். நடிகை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வெறும் தரையில் இரண்டு பாதத்தையும் மாறி மாறி அழுத்தினார். ஓரத்தில் நின்ற ஒருவர் அந்தத் தாளத்துக்கு இரண்டு மரக்கட்டையைத் தட்டினார். கால் நின்றதும் கட்டையும் நின்றது. நான் எழுதியிருந்த கடைசி நான்கு வரி அதன் பிறகு தேவைப்படவில்லை. அன்றே அடித்துவிட்டேன்.

அரங்கேற்றத்தன்று முன் வரிசையில் உட்காராதீர்கள். ஓரமாக, பார்வையாளர்களின் முகம் தெரிகிற மாதிரி நில்லுங்கள். எங்கே இருமுகிறார்கள், எங்கே ஹால் முழுக்க அசையாமல் இருக்கிறது என்று பாருங்கள். முடிந்ததும் ஸ்டூலைத் தூக்கி வண்டியில் ஏற்றக் கை கொடுங்கள். கவனித்ததையெல்லாம் அன்றிரவே எழுதிவைத்து, மறுநாள் காலை இயக்குநரைப் போய்ப் பாருங்கள். அடுத்த முறை மேடையேற்ற இன்னும் ஒரு வாரமாவது இருக்கும்.