ஏர் ரைஃபிளுக்குச் சைட்டிங் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் நான் பயிற்சிக்குச் செல்லும் தகரக் கூரைக் கொட்டகையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் வகுப்பு எழுதி முடித்த ஒரு பெண், ஒவ்வொரு பெல்லட்டைச் (சிறு ஈயக் குண்டு) சுட்டபிறகும் பின் சைட்டின் (கண்ணருகே இருக்கும் குறிபார்க்கும் கருவி) குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். சைட்டிங் என்பது, காற்றழுத்தத்தால் சுடும் இந்த ரைஃபிளில் குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்வது. அரை மணி நேரத்துக்குப் பிறகு அவளுடைய இலக்கு அட்டை, தொடங்கியபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றிருந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். முனையை ஆள் இருக்கும் பக்கம் திருப்பக் கூடாது, சொல்லும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பவற்றை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் மான் வேட்டைக் கதைகளை இன்னமும் சொல்வதுண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதைகள் கதைகளாக மட்டுமே இருக்க வேண்டும். எங்களுக்கு இலக்கு என்பது பத்து மீட்டர் தொலைவில் இருக்கும் அட்டை மட்டுமே. அதன் நடுப்பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர். இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றவை விளங்கும்.

ஒரே குண்டைப் பார்த்துச் சைட்டைத் திருத்துவது

ஒரு பெல்லட் எங்கே விழுந்தது என்பதிலிருந்து சைட்டைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தொடக்கநிலையில் இருப்பவர் நின்றுகொண்டு சுடும் பத்துக் குண்டுகள் சாதாரணமாகவே ஒரு சிறு பரப்பில் சிதறி விழும். அந்தச் சிதறலுக்குள் ஒன்று ஐந்து மில்லிமீட்டர் வலப்புறம் விழுந்தது என்பதற்காகச் சைட்டை ஐந்து மில்லிமீட்டர் இடப்புறம் நகர்த்தினால், இயல்பாகவே இடப்புறம் விழவிருந்த அடுத்த குண்டு இரண்டு மடங்கு தள்ளிப் போய் விழும். அதைப் பார்த்து மறுபடியும் வலப்புறம் திருப்புவோம். இப்படித் துரத்தத் துரத்தச் சிதறல் பெருகுமே தவிர, நடுவுக்கு வராது.

சென்னையில் நடந்த ஒரு போட்டியில் நான் இதைத்தான் செய்தேன். ஆயத்தத்துக்கும் சைட்டிங்குக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் 15 நிமிடம் முழுவதும் குமிழைத் திருகினேன். முதல் குண்டு எட்டுப் புள்ளி வளையத்தில் விழுந்ததும் மூன்று கிளிக் (குமிழ் திரும்பும் ஒரு படி) இடம், அடுத்தது ஏழில் விழுந்ததும் நான்கு கிளிக் வலம் என்று போய், நேரம் முடிந்து புள்ளிக் கணக்கில் சேரும் குண்டுகள் தொடங்கியபோது என் ரைஃபிள் எங்கே சுடுகிறது என்பது எனக்கே தெரியவில்லை. முதல் பத்துக் குண்டுகளுக்கு 84 புள்ளி. மூன்றாவது பத்தில்தான் நடுவுக்கு வந்தேன். அடுத்த நிலைக்குத் தேவையான மதிப்பெண்ணுக்கு நான்கு புள்ளி குறைந்ததால் ஓராண்டு உழைப்பு வீணானது. பக்கத்து இடத்தில் சுட்ட மூத்தவர் வெளியே வந்ததும், "தம்பி, ரைஃபிள் சரியாத்தான் இருக்கு. நீதான் அதை ஒரு இடத்துல நிக்க விடல" என்றார்.

அதன்பின் கற்றுக்கொண்ட முறை இதுதான். முதலில் உடம்பைச் சரிபார்க்க வேண்டும். ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குழல் முனையில் இருக்கும் முன் சைட் வளையம், அட்டையின் நடுவிலுள்ள கருவட்டத்துக்கு வலப்புறமோ இடப்புறமோ நின்றால், கைகளால் இழுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள். காலில் இருக்கும் பிழையைச் சைட்டில் திருத்துவதுதான் பலரும் செய்வது. பிறகு எதையும் தொடாமல் ஐந்து குண்டு, முடிந்தால் பத்துக் குண்டு சுடுங்கள். விசையை இழுத்த நொடியிலேயே தவறு என்று உங்களுக்குத் தெரிந்த குண்டை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் நடுவைக் கண்டு, ஒரே ஒரு முறை திருத்துங்கள்.

ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். ஐந்து குண்டு சுட்டு, 20 கிளிக் திருப்பி, மீண்டும் ஐந்து சுட்டு, இரு தொகுதிகளின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து இருபதால் வகுத்துக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். சில ஜெர்மன் சைட்களின் குமிழில் இருக்கும் 'எச்' என்ற எழுத்துக்கு, குண்டு மேலே விழுந்தால் இந்தத் திசையில் திருப்பு என்று பொருள். குண்டை மேலே ஏற்றும் திசை என்று எண்ணித் திருப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட பயிற்சிக் குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகிப் போனதாக இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவே பின்னர் சொல்லியிருக்கிறார். சைட்டைத் திருத்திக்கொண்டு அவர் தங்கம் வென்றார். தன் ரைஃபிளை அளந்து வைத்திருப்பவரால் மட்டுமே அந்த நேரத்தில் அப்படித் திருத்த முடியும்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது பிள்ளைகள் மீது அன்று. அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் "ரெண்டு கிளிக் இடது வை" என்று சொல்லும் பெரியவர்கள் மீதுதான். ஒரு டப்பா பெல்லட்டோடு ஒரு பிள்ளையின் நம்பிக்கையையும் அவர்கள் கெடுத்துவிடுகிறார்கள்.

ரைஃபிள் சாய்வதைக் கவனிக்காமல் விடுவது

பெல்லட் பத்து மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அதை ஈடுகட்டவே குழல் சற்று மேல்நோக்கி இருக்குமாறு சைட் வைக்கப்படுகிறது. ரைஃபிளை ஐந்து பாகை வலப்புறம் சாய்த்துப் பிடித்தால் அந்த ஏற்றமும் வலப்புறம் சாய்ந்து, குண்டு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வலப்புறம் விலகும். அது ஒரு வளையத்தில் பாதிக்கும் மேல். கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பது தவறில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் சாய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

காலைச் சைட்டிங்கை மதியத்துக்கும் நம்புவது

சித்திரை மாதத்தில் காலை ஏழு மணிக்கு எங்கள் கொட்டகையில் இருக்கும் வெளிச்சம் வேறு, பதினொரு மணிக்குப் பக்கவாட்டில் அடிக்கும் வெளிச்சம் வேறு. கருவட்டத்தின் விளிம்பு கண்ணுக்கு மாறித் தெரிவதால் குண்டும் மாறி விழும். குறிப்பேட்டில் நேரத்தையும் எழுதுங்கள்.

பெல்லட்டை விலை பார்த்து வாங்குவது

ஒரே பெயரில் வரும் பெல்லட்டிலும் தலை விட்டம் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று வேறுபடும். தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதியும் மாறும். உங்கள் குழலுக்கு எது பொருந்துகிறது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். பொருந்தும் தொகுதி கிடைத்தால் அதே எண்ணில் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக் குறைந்த உருளையோடு சைட்டிங் பார்ப்பது

ரைஃபிளின் காற்று உருளையில் இருக்கும் அழுத்தமானியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஈயப் பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்வது

ஒரு முறைகூடக் கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

பூட்டிய காருக்குள் ரைஃபிளை விடுவது

ரைஃபிளின் உருளைக்குள் இருப்பது 200 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் அடைத்த காற்று. வெளியே வேலூரின் மே மாத வெயில்.