ஒரே நாளில் கொட்டாமல் சிறுகச் சிறுகப் பயிற்சி: முதன்முறை தயாரிப்பவர்களுக்கு

புதிய ஊழியர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, காலையிலிருந்து மாலை வரை ஸ்லைடு மாற்றி ஸ்லைடு காட்டும் பயிற்சியைப் பல வருடங்கள் நடத்தியிருக்கிறேன். மாலையில் எல்லோரும் "நன்றாகப் புரிந்தது" என்று எழுதிக் கொடுப்பார்கள். உண்மையாகவே எழுதுவார்கள், அன்று புரிந்துதான் இருந்தது. மூன்று வாரம் போனால் அதே ஆட்கள், நான் விளக்கிய அதே விஷயத்தைப் பக்கத்து இருக்கையில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கவனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்து அடுத்த முறை ஸ்லைடுகளைக் கூட்டினேன். கோளாறு என் கால அட்டவணையில் இருந்தது என்பது விளங்க எனக்கு வெகு நாளாயிற்று.

ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே இதை அளந்து காட்டிவிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துக்கொண்டார். ஒரே நாளில் 68 முறை படித்துக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது. அசைகளை விடுங்கள், கைத்தொழில் என்று வந்தால்? 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கும் பயிற்சி 38 பயிற்சி அறுவை மருத்துவர்களுக்குத் தரப்பட்டது. நான்கு அமர்வுகள். ஒரு பாதிப் பேருக்கு நான்கும் ஒரே நாளில், மறு பாதிக்கு வாரம் ஒன்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், வாரம் ஒன்றாகக் கற்றவர்களின் கை நன்றாக இருந்தது. இடைவெளி ஒன்றுதான் வேறு.

இதைப் படித்துவிட்டுப் பலர் செய்வது, பழைய ஒரு நாள் வகுப்பை இருபது துண்டாக வெட்டி தினம் ஒன்று அனுப்புவது. அதனால் பெரிய பயன் வராது. முதல் துண்டு போனது போனதுதான், மறுபடி யாரும் அதைத் தொடுவதில்லை. கற்றதிடம் திரும்பத் திரும்ப வரவைப்பதுதான் இந்த முறையின் உயிர். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான். எடுத்துக்காட்டுக்கு ஒரு வாடிக்கையாளர் சேவைக் குழுவை வைத்துக்கொள்வோம்.

படி 1: தலைப்பை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்

"பணம் திருப்பித் தரும் கொள்கை" என்பது தலைப்பு. "கெடு தாண்டிய கோரிக்கை வந்தால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கையேட்டைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்" என்பது வேலை. வெள்ளைத் தாளில் இப்படி வேலைகளாகவே எழுதுங்கள். நாற்பது வரி வந்தாலும் வரட்டும்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள்: முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது, தேவைப்படும்போது பார்த்துச் செய்யக்கூடியது, பார்க்காமல் தெரிந்திருக்க வேண்டியது. இரண்டாவது வகைக்குப் பயிற்சியே வேண்டாம், மேசையில் ஒட்டிவைக்க ஒரு பக்கக் குறிப்பு போதும். முதல் வகையைத் தயவுசெய்து சிறுகச் சிறுகத் தராதீர்கள். இயந்திரம், மின்சாரம், ரசாயனம், தீ போன்ற பாதுகாப்பு விஷயங்களை முழுதும் சொல்லிக் கொடுத்து, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஆளை வேலையில் விட வேண்டும். நான்காவது வாரத்தில் வரும் பாதுகாப்புப் பாடம், மூன்றாவது வாரத்தில் அடிபட்டவருக்கு உதவாது. அதை மறக்காமல் நினைவூட்டுவதற்கு மட்டும் இந்த முறையைப் பயன்படுத்துங்கள்.

மிஞ்சும் மூன்றாவது வகைதான் நம் பாடத்திட்டம். நாற்பது வரி பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்தாகச் சுருங்கிவிடும்.

படி 2: ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு முடிவு

ஐந்து நிமிடம் என்று நேரத்தை வைத்து வெட்டினால் பாதி வாக்கியத்தில் நிற்கும். ஊழியர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு, அதுவே ஒரு பாடம். அப்படி எழுதினால் நேரம் தானாகவே ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். ஒரு பாடத்தை முழுதாகவே எழுதிக் காட்டுகிறேன்:

"ஒருவர் அழைக்கிறார். 'நேற்றே பணம் கட்டிவிட்டேன், கணக்கில் காட்டவில்லை. கணக்கு என் கணவர் பெயரில் இருக்கிறது' என்கிறார். நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்? எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்.

அழைப்பவர் கணக்குக்கு உரியவர் இல்லை. ஆகவே பணம் வந்ததா இல்லையா என்பதைக்கூட அவரிடம் சொல்லக் கூடாது. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு உரியவரே பேச வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். காரணம்: 'வந்துவிட்டது' என்ற ஒரு சொல்லே அடுத்தவர் கணக்கைப் பற்றிய தகவல். உறவைச் சொல்லித் தகவல் கறப்பது மோசடிக்காரர்களின் வழக்கமான வழி."

அவ்வளவுதான். வரவேற்புரை இல்லை, நிறுவன வரலாறு இல்லை, "இந்தப் பாடத்தில் நாம் காணப்போவது" இல்லை. காரணம் என்று தொடங்கும் அந்த வரியை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். விதியை மறந்தவரும் காரணம் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

படி 3: கேள்விகளில் உழையுங்கள்

மொத்த உழைப்பில் பாதியாவது இங்கே போக வேண்டும் என்பது என் கருத்து. திரும்ப வரவைப்பது என்றால் பாடத்தை மறுபடி படிக்கக் கொடுப்பது என்று பொருளில்லை. படித்ததைத் தாங்களே நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைக்க வேண்டும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு பத்தியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, இரண்டு முறை படித்தவர்களுக்கு 42. வகுப்பு முடிந்த மாலையில் வைக்கும் தேர்வை நம்பி நான் ஏமாந்தது இதனால்தான். அது ஐந்து நிமிடக் கணக்கைத்தான் காட்டும்.

நல்ல கேள்விக்கு நான் பார்ப்பவை சில. ஆம், இல்லை என்று முடியக் கூடாது, குருட்டாம்போக்கில் பாதி சரியாகிவிடும். விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால், தவறான விடைகள் ஊழியர்கள் உண்மையில் செய்கிற தவறுகளாக இருக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவரிடம் "புதியவர்கள் இதில் எங்கே சறுக்குகிறார்கள்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுவார். பதில் எழுதியதும் சரியான விடையும் காரணமும் உடனே தெரிய வேண்டும், தப்பான விடை மனதில் தங்கிவிடக் கூடாது.

இன்னொன்று, கேள்வி திரும்ப வரும்போது வேடம் மாறி வர வேண்டும். முதல் முறை கணவர் கணக்கு என்றால், அடுத்த முறை முதலாளியின் கணக்கைப் பற்றிக் கேட்கும் உதவியாளர். மூன்றாவது முறை, கணக்குக்கு உரியவரே பேசுகிறார், ஆனால் அடையாளக் கேள்விக்குப் பதில் தடுமாறுகிறது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வாக்கியம்தான் மனப்பாடமாகும். ஆகவே ஒரு பாடத்துக்கு மூன்று கேள்விகளை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

படி 4: இடைவெளியைக் காலண்டரில் போடுங்கள்

எத்தனை நாள் இடைவெளி? நீண்ட காலம் நினைவில் இருக்க வேண்டுமானால் இடைவெளியும் நீள வேண்டும். 1,350 பேருக்கு மேல் பங்கெடுத்த ஒரு 2008 ஆய்வில், ஒரு வாரம் கழித்து வரும் தேர்வுக்கு ஒரு நாள் இடைவெளி சிறந்ததாக இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வரும் தேர்வுக்கு மூன்று வாரம். வேலைக்கான அறிவு வருடக்கணக்கில் வேண்டியிருப்பதால், மறுநாளே கேட்டு முடித்துவிடுவது போதாது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் அட்டவணை இது. வாரம் இரண்டு பாடம், திங்களும் வியாழனும். திங்களன்று படித்த பாடத்துக்கு முதல் கேள்வி அதே வாரம் வியாழன். இரண்டாவது கேள்வி அடுத்த வியாழன். மூன்றாவது அதிலிருந்து மூன்று வாரம் கழித்து. அதாவது 3-ஆம் நாள், 10-ஆம் நாள், 31-ஆம் நாள். வியாழன் பாடத்துக்குக் கேள்விகள் இதே போல, ஒரு நாள் மட்டும் தள்ளி, திங்கள்களில் வரும்.

பன்னிரண்டு பாடம் இருந்தால் புதிய பாடங்கள் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். கேள்விகள் பதினோராவது வாரம் வரை போகும். எந்த நாளை எடுத்தாலும் அதிகபட்சம் மூன்று பழைய கேள்விகளும் ஒரு புதிய பாடமும்தான், பத்து நிமிடத்தில் முடியும். பழைய கேள்விகளை முதலில் வையுங்கள், பாடம் பிறகு. மூன்று கேள்விகளும் மூன்று வேறு பாடங்களிலிருந்து வருவதால், "இது எந்த விதி?" என்று யோசித்தாக வேண்டும். உண்மையான அழைப்பும் அப்படித்தானே வருகிறது, எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டா வருகிறது?

ஆறாவது வாரத்தில் "பாடம்தான் முடிந்துவிட்டதே" என்று கேள்விகளை நிறுத்தச் சொல்பவர் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசி ஐந்து வாரமும் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

படி 5: அனுப்பும் வழி

புது மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஊழியர்கள் தினமும் திறந்து பார்க்கும் இடம் எதுவோ அதில் போகட்டும்: மின்னஞ்சலோ குழு அரட்டையோ. கேள்விக்கு ஒரு கூகுள் ஃபார்ம் போதும். ஏற்கெனவே மூடில் போன்ற இணையவழிப் பயிற்சித் தளம் இருந்தால், குறிப்பிட்ட தேதியில் பாடம் திறக்கும்படி அதிலேயே வைக்கலாம். பத்து நிமிடமும் வேலை நேரத்துக்குள், சம்பளக் கணக்குக்குள் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் போனில் வந்து விழும் பாடத்தை யாரும் மனம் வைத்துப் படிக்கமாட்டார்கள், படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

படி 6: முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்

பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை தட்டக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி பேட்லி, லாங்மன் இருவரும் 1978-இல் எழுதினார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் பயின்ற குழு, தினம் நான்கு மணி நேரம் பயின்ற குழுவைவிடக் குறைந்த மணி நேரத்தில் விசைப்பலகையைக் கற்றுக்கொண்டது. ஆனால் தங்கள் பயிற்சி முறை பிடித்ததா என்று கேட்டபோது, அந்த ஒரு மணி நேரக் குழுதான் மிகக் குறைவாகத் திருப்திப்பட்டது. நாட்கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு இழுத்துக்கொண்டே போவதாகத் தோன்றியிருக்கிறது.

உங்கள் ஆட்களுக்கும் அப்படித்தான் தோன்றும். பத்து நாள் கழித்து வரும் கேள்வி தடுமாற வைக்கும், தடுமாறினால் "எனக்கு ஏறவில்லை" என்று சோர்ந்துபோவார்கள். ஆகவே முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: யோசித்து, தேடி எடுக்கும் அந்தச் சிரமத்தில்தான் நினைவு பலப்படுகிறது, மதிப்பெண் எந்த மேலாளருக்கும் போகாது. சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரே ஒரு முறை மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரைக் கண்டித்தால் போதும், மறுநாளிலிருந்து எல்லோரும் கையேட்டைப் பார்த்து எழுதுவார்கள்.

படி 7: நான்கைந்து பேரோடு தொடங்கி, சரியானதை அளந்து பாருங்கள்

முதல் இரண்டு வாரப் பாடங்களைச் சிறு குழுவுக்கு அனுப்பிப் பாருங்கள். எத்தனை பேர் திறந்தார்கள், முடித்தார்கள் என்பது ஒரு பாடம் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமே சொல்லும். 31-ஆம் நாள் கேள்விக்கு எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் தவறினால், பாடத்தையோ கேள்வியையோ திருத்துங்கள், ஆட்களைத் திருத்தப் போகாதீர்கள். அதோடு வேலையில் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், தவறான இடத்துக்கு அனுப்பப்பட்ட புகார்கள் வாரத்துக்கு எத்தனை என்பது போல. பயிற்சிக்கு முந்தைய இரண்டு மாத எண்ணை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

நடுவில் ஒரு விதி மாறினால் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாடத்தைத் திருத்துவது எல்லோருக்கும் நினைவு வரும். அனுப்பக் காத்திருக்கும் கேள்விகள் மறந்துபோகும். பழைய விதியைச் சரி என்று சொல்லும் கேள்வி ஐந்து வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், நீங்களே தவறைப் பதிய வைத்ததாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் மூன்று கேள்விகளுக்கும் அதே எண்ணைப் போட்டு ஒரே தாளில் வையுங்கள். விதி மாறிய அன்றே அந்த எண்ணுள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். திருத்திய பாடத்தைப் புதுப் பாடமாகவே மறுபடி அனுப்பி, இடைவெளியை 3-ஆம் நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.